நூத்தி அறுவது பேருக்கு உப்பு

இங்கன உக்காரு தாயி. பையை மடியில வச்சுக்கிட்டா ரெண்டு பேரும் தாராளமா இருக்கலாம். ஜன்னலை மட்டும் மூடிராத, எனக்கு பஸ் நாத்தம் ஒத்துக்காது. மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான், மக வீட்டுக்கு. தனியா வரல. அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல நரைச்ச மீசையோட ஒருத்தர் கையை நீட்டி நீட்டிப் பேசிட்டு இருக்காகல்ல, அவுகதான் எங்க வீட்டுக்காரர். பேரு சீனிராஜ். பக்கத்துல இருக்கிற ஆளு வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டு இருக்கான் பாரு. பீரங்கிக் கதை ஓடுது. பஸ்சு விருதுநகர் போறதுக்குள்ள ரெண்டு எதிரிக் கப்பலை முக்கிருவாக.

அம்புட்டும் பொய்யி.

நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. நீ எந்த ஊரோ, நான் எந்த ஊரோ, எறங்குனா நீ யாரு நான் யாரு. அதனால சொல்றேன். எனக்குப் பொய்னாலே ஆகாது தாயி, சின்ன வயசுல இருந்தே அப்படி.

எனக்குக் கல்யாணமாகி நாப்பத்திநாலு வருசம் ஆச்சு. மாப்பிள்ளை நேவியில இருக்காரு, சண்டைக் கப்பல்ல பீரங்கி சுடுறவருன்னு எங்கய்யா சொன்னாரு. எழுபத்தொண்ணுல நடந்த பாகிஸ்தான் சண்டையில சுட்டவருன்னாரு. சாத்தூர்ல எங்க தெரு பூராத்துக்கும் அதுதான் பேச்சு. குழாயடியில எவளாச்சும் சண்டைக்கு வந்தா, "ஏ, யார்கிட்டப் பேசுற, பீரங்கி சுட்டவுக பொண்டாட்டிகிட்டப் பேசுற"ன்னு ஒரு வார்த்தைதான் சொல்லுவேன், கொடத்தை எடுத்து வழி விட்டுருவாளுக. அவுக கப்பலை விட்டு வந்து பேங்குல காவலுக்குச் சேந்தாக. துப்பாக்கியோட வாசல்ல நிக்கையில பாத்தாலும் பீரங்கிக்காரர்னுதான் சொல்லுவாக. வலது கையில முழங்கைக்குக் கீழ ஒரு பெரிய தழும்பு. குண்டு செதறிப் பட்டதுன்னு சொல்லி, என் நாத்தனார் பிள்ளைகள்லாம் தொட்டுத் தொட்டுப் பாக்கும்.

அப்பேர்ப்பட்ட மனுசன் வீட்டுல எப்படி இருந்தாகன்னு கேளு. நாப்பத்திநாலு வருசமா அடுப்படி நெலையைத் தாண்டுனதில்ல. ஒரு டம்ளர் வெந்நி வச்சுக் குடுத்ததில்ல. தண்ணி வேணும்னாக்கூட நெலைக்கு அங்குட்டு நின்னுதான் கேப்பாக, உள்ள என்னமோ பாம்பு கெடக்கிற மாதிரி. எனக்கு டைபாய்டு வந்து பதினஞ்சு நாள் பாயோட கெடந்தேன். அப்பவும் ஓட்டல் இட்லிதான். பக்கத்து வீட்டுச் சரசு புண்ணியத்துல ஒரு நாள் கஞ்சி கெடைச்சுது. அப்படி ஒரு கஞ்சி. அதைக் குடிச்ச பெறகுதான் எனக்கு நாக்குல உசுரு வந்துச்சு. அதுக்காகவே வருசா வருசம் தீவாளிக்குச் சரசு வீட்டுக்கு மட்டும் அதிரசம் ஒரு தட்டு கூட வச்சு அனுப்புவேன்.

சமைக்கத்தான் தெரியாதுன்னா, பேசாம சாப்பிடணுமா இல்லையா? முதல் வாய் வச்சதும் கண்ணை மூடுவாக. "உப்பு அரைக் கல்லு கூட." இன்னொரு நாள், "பருப்பை ஒரு கொதி முந்தி எறக்கிட்ட." வாசல்ல பேப்பர் படிச்சுக்கிட்டே, "குருவு, கடுகு தீயுது"ன்னு என்னைப் பேரு சொல்லிச் சத்தம் குடுப்பாக. எனக்கு மோப்பம் வர்றதுக்கு முந்தி அவுகளுக்கு வந்துரும். நான் என்ன நெனச்சேன்? குறி பாத்துப் பாத்துச் சுட்ட ஆளு, அதான் கண்ணு மாதிரியே நாக்கும் மூக்கும் கூராயிருச்சுன்னு நெனச்சேன். பெருமையா வேற இருந்துச்சு, கிறுக்கச்சி எனக்கு.

போன வருசம் எங்க மகனுக்கு வடக்க ஒரு கடற்கரை ஊருக்கு மாத்தலாச்சு. ஊரு பேரைச் சொன்னா நாக்கு சுளுக்கிக்கிரும், விட்டுரு. அங்க போய்ப் பாத்தா, இவுக வேலை பாத்த கப்பலையே கரையில ஏத்தி, ஊரு சனம் வந்து பாக்கட்டும்னு மியூசியமா வச்சிருக்கானாம். மகன் போன்ல சொன்னதும் எனக்குக் கால் தரையில நிக்கல. இவுகளுக்கு என்னன்னா, அன்னைக்கே முட்டு வலி வந்துருச்சு. மறுநாள் வாயுத் தொல்லை. வெயில் ஆகாதுன்னாக, ரயில் சாப்பாடு ஆகாதுன்னாக. "வேலை பாத்த எடத்தையே போய்ப் பாக்க என்ன இருக்கு"ன்னாக. நான் விடல. அந்தப் பீரங்கியை ஒரு தடவை என் கையால தொட்டுப் பாக்கணும்னு சொல்லி இழுத்துக்கிட்டுப் போயிட்டேன்.

கப்பலைப் பாத்திருக்கியா தாயி? சண்டைக் கப்பலை? பாக்காட்டி ஒண்ணும் கொறஞ்சு போகல. கடல்ல நிக்கும்னு பாத்தா கரையில சிமெண்டுக் கட்டை மேல நிக்குது, பழுது பாக்க ஏத்துன பஸ்சு மாதிரி. சுத்தி வேலி. வாசல்ல பாப்கார்ன், பலூன். மகன் எங்களை வாசல்ல எறக்கிவிட்டு டிக்கெட்டும் எடுத்துக் குடுத்துட்டு ஆபீசுக்குப் போயிட்டான். உள்ள போனா சாம்பல் கலர்ல பெயிண்டு. எங்க திரும்புனாலும் இரும்பு. தலை இடிக்கும், தலையைக் காப்பாத்துனா கால் இடிக்கும். கேப்டன் நாக்காலின்னு ஒண்ணைக் கயிறு கட்டி வச்சிருந்தான். முட்டு வலிச்சுதுன்னு நான் கயிறைத் தாண்டி உக்காந்துட்டேன். காவக்காரன் ஓடி வந்து இந்தியில கத்துனான். நான் தமிழ்ல கத்துனேன். ரெண்டு பேருக்கும் புரியல, அதனால சமாதானமாப் போச்சு.

இவுக என்னை நேராப் பீரங்கிகிட்டக் கூட்டிட்டுப் போனாக. அதோட வாய்ல பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கு, மேல ஒரு பொறா உக்காந்திருக்கு. நான் தொட்டுக் கும்பிட்டேன். மெய்யாலுமே கண்ணுல தண்ணி வந்துருச்சு. இவுக அது மேல கையை வச்சுக்கிட்டு எங்குட்டோ பாத்தாக. அதுக்குள்ள நாலு பேரு வந்து இந்தியில என்னமோ கேட்டான். இவுக தனக்குத் தெரிஞ்ச இந்தியில ஆரம்பிச்சுட்டாக. கூட்டம் கூடிருச்சு. ஒரு மணி நேரம் தாயி. எனக்குத் தாகம். "கீழ எறங்கிப் பாப்போமா"ன்னு கேட்டா, "கீழ ஒண்ணுமில்ல, இருட்டு, நீ விழுந்துருவ"ன்னாக. மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் அதையே சொன்னாக.

ஒண்ணுமில்லங்கிற எடத்துக்கு எதுக்கு இத்தனை பேரு எறங்குறான்னு நானே எறங்கிட்டேன்.

ஏணி மாதிரி படி. கீழ வரிசையா அறைக. ஒவ்வொரு அறையிலயும் ஜவுளிக்கடைப் பொம்மைக்குத் தொப்பி மாட்டி நிறுத்தியிருக்கான். செவப்பு உதடும் மை தீட்டுன கண்ணுமா ஒருத்தன் ரேடியோ கேக்குறான், ஒருத்தன் படுத்திருக்கான். இவனுகளைப் பாத்தா எதிரி பயந்திருக்க மாட்டான், பட்டுச்சேலை எடுக்க வந்திருப்பான். கடைசி அறை சமையக்கட்டு. ஆளு உள்ள எறங்கிக் குளிக்கலாம், அம்மாம் பெரிய அண்டா. அதுக்குப் பக்கத்துல பனியன் போட்ட பொம்மை ஒண்ணு கரண்டியைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதுக்குப் பின்னால செவத்துல ஒரு போட்டோ.

போட்டோவுல இவுக.

கல்யாணத்துல பாத்த அதே மொகம், மீசை மட்டும் மெலிசு. இடுப்புல துணி கட்டியிருக்கு. கையில துடுப்பு கணக்கா ஒரு கரண்டி. பல்லு பூராத் தெரியச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறாக. என்கூட எடுத்த ஒரு போட்டோவுலயும் அப்படிச் சிரிச்சதில்ல.

கீழ இங்கிலீசுல எழுதியிருந்துச்சு. எனக்கு இங்கிலீசு தெரியும். எஸ்.எஸ்.எல்.சி. மூணு தடவை எழுதுனவ நான், ஒரே பாடத்தை மூணு தடவை படிச்சா வராதா? எழுத்துக் கூட்டி வாசிச்சேன். பேரு சரியா இருந்துச்சு. பேருக்கு முன்னால 'குக்'குன்னு போட்டிருந்துச்சு. அது ஏதோ கப்பல் பதவின்னு நெனச்சேன், சுபேதார் மாதிரி. பெறகுதான் அண்டாவைப் பாத்தேன், கரண்டியைப் பாத்தேன், சட்டுன்னு வெளங்குச்சு.

பக்கத்துல பொள்ளாச்சிப் பொண்ணு ஒண்ணு, புதுசாக் கல்யாணமானது, புருசனோட நின்னுச்சு. மிச்சத்தை வாசிச்சுச் சொல்லுன்னேன். அது சொல்லுச்சு: சண்டை நடந்த அத்தனை நாளும், கப்பல் எப்படிச் சாஞ்சாலும், நூத்தி அறுவது பேருக்கு ஒரு வேளை தவறாமச் சுடச்சுடச் சோறு போட்டவராம். பூரி போடுற எண்ணெய் கையில கொட்டியும் அடுப்பை விட்டு நகரலையாம்.

குண்டு செதறிப் பட்ட தழும்பு, பூரி எண்ணெய் தாயி. பூரி எண்ணெய்!

அந்தப் பொண்ணு என் மொகத்தைப் பாத்துட்டு, "உங்க வீட்டுக்காரரா ஆன்ட்டி?"ன்னு கேட்டுச்சு. ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமான்னு போனை வேற தூக்குச்சு. நான் இல்லன்னுட்டேன். "தெரிஞ்சவுக"ன்னு மட்டும் சொன்னேன். இதை இன்னைக்கு வரைக்கும் அவுககிட்ட நான் சொல்லல. கோவத்துல வந்த வார்த்தைதான். எறங்குறப்ப நீயும் சொல்லிராத.

படியில எப்படி ஏறுனேன்னு தெரியாது. மேல போனா கூட்டம் இன்னும் பெருசாயிருந்துச்சு. காவக்காரன்கூட நின்னு கேக்குறான். இவுக ஒரு கையைப் பீரங்கி மேல வச்சு, இன்னொரு கையைக் கடலைப் பாத்து நீட்டியிருக்காக. நான் கூட்டத்தை வெலக்கிட்டு முன்னால போய் நின்னேன். சத்தம் போடல. சாதாரணமாத்தான் கேட்டேன்.

"ஏங்க, நூத்தி அறுவது பேருக்குச் சாம்பார் வச்சா எத்தனை கைப்பிடி உப்பு போடணும்?"

நீட்டுன கையை மடக்காமலே சொன்னாக, "கைப்பிடிக் கணக்கெல்லாம் சரிவராது. ஒண்ணேகால் டம்ளர். முதல்ல முக்கா டம்ளர் போட்டு, கொதி வந்த பெறகு ருசி பாத்துத்தான் மிச்சத்தை..."

அங்க நிறுத்திட்டாக.

கூட்டத்துக்குத் தமிழ் தெரியாதுல்ல. எதிரிக் கப்பல் எம்புட்டு தூரத்துல நின்னுச்சுன்னு நான் கேட்ட மாதிரியும், இவுக அளவு சொன்ன மாதிரியும் நெனச்சுக்கிட்டு ஒருத்தன் கை தட்டுனான். அவனைப் பாத்து எல்லாரும் தட்டுனானுக.

கீழ எறங்கி, பாப்கார்ன்காரனுக்குப் பக்கத்துல ஒரு சிமெண்டு பெஞ்சுல உக்காந்தோம். நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அவுகளாத்தான் பேசுனாக. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எங்கய்யாகிட்ட, நான் கப்பல்ல சமையல் வேலைதான் பாக்கேன்னு ஒளிக்காமச் சொல்லிட்டாகளாம். எங்கய்யாதான் கையைப் பிடிச்சுக்கிட்டு, மாப்பிள, பீரங்கின்னே சொல்லிருவோம், எம்மக உசுரோட இருக்கிற வரைக்கும் அவளுக்குத் தெரிய வேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டாராம்.

"எங்கய்யா எதுக்கு அப்படிச் சொல்லணும்?"ன்னு கேட்டேன்.

"ஒன்னைப் பாக்க வந்த மெஸ்சுக்காரர் மகனை நீ என்ன சொல்லித் திருப்பி அனுப்புன?"ன்னாக.

எனக்கு ஞாபகமே இல்ல. பெறகு யோசிச்சப்ப வந்துச்சு. எனக்கு அப்ப இருவத்தி ரெண்டு வயசு. விருதுநகர்ல மெஸ்சு வச்சிருக்கிறவுக வீட்டுல இருந்து வந்தாக. அடுப்படியில கரண்டி பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஆம்பளைக்குக் கழுத்தை நீட்டுறதுக்குக் கெணத்துல விழுவேன்னு சொன்னேன். சபையில வச்சு, அவுக காதுல விழுற மாதிரி. வயசுப் பிள்ளை வெளையாட்டாச் சொன்னது தாயி. அதை ஒரு பேச்சுன்னு எடுத்துக்கிட்டு எங்கய்யா ஒரு பொய்யைச் சொல்லி, அதை இவுக நாப்பத்திநாலு வருசம் இழுத்துக்கிட்டு வரணுமா? எங்க வீட்டுலயும்தான் பொண்ணு எஸ்.எஸ்.எல்.சி. பாஸ்னு சொன்னாக. அது பொய்யின்னு சொல்ல முடியாது. பரீட்சை எழுதுனது உண்மைதான?

எங்கய்யா செத்த பெறகாச்சும் சொல்லியிருக்கலாம்லன்னு கேட்டேன். அதுக்குள்ள தெருவே நம்பிருச்சு, பெறகு பிள்ளைக நம்பிருச்சு, கடைசியில பாதி நாள் நானே நம்பிட்டேன்னாக. "தழும்பு மட்டும் நானாச் சேத்தது"ன்னு அதையும் ஒத்துக்கிட்டாக. அந்தப் பீரங்கியத் தொட்டதாச்சும் உண்டான்னு கேட்டேன். சண்டை நேரத்துல சமையக்காரனும் சும்மா இருக்க முடியாதாம். சோறு போட்ட நேரம் போக, கீழ இருந்து குண்டைத் தூக்கித் தூக்கி மேல ஏத்தி விடணுமாம். அது எங்க போகுது, யார் மேல விழுகுதுன்னு ஒண்ணும் தெரியாதாம். "பீரங்கியை ஒரு தடவை தொடச்சிருக்கேன்"னாக.

"சரி, அடுப்படிப் பக்கம் வராததுக்கு என்ன காரணம்? அதுக்கும் எங்கய்யாவா சத்தியம் வாங்குனாரு?"

"ஒரு வெங்காயத்தை நறுக்குனாக்கூட நீ கண்டுபிடிச்சிருப்ப, குருவு. கை சும்மா இருக்காது. அதான் உள்ளயே வரல."

பெறகு தலையக் குனிஞ்சுக்கிட்டு இன்னொண்ணு சொன்னாக. டைபாய்டுல கெடந்தப்ப நான் கண் அசந்த நேரமாப் பாத்து அவுகதான் கஞ்சி வச்சாகளாம். சரசு குடுத்ததுன்னு என்கிட்டச் சொல்லிட்டாகளாம்.

எனக்கு வந்துச்சு பாரு ஒரு கோவம். இவுக மேல இல்ல, சரசு மேல. நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, ஒன் கஞ்சிதான் என்னை எழுப்பி விட்டுச்சுன்னு அழுதேன். அந்தக் கள்ளி, அதனால என்னக்கான்னு சொல்லிட்டு வாங்கிக்கிட்டா. இருவத்தேழு தீவாளி, இருவத்தேழு தட்டு அதிரசம்.

திரும்பி ஒன்றரை நாள் ரயில்ல வந்தோம். வீட்டுக்கு வந்து கதவைத் தெறந்ததும் கரண்டியை எடுத்து அவுக கையில குடுத்தேன். நாளையில இருந்து நீங்கன்னு சொன்னேன். நெலையில நின்னுக்கிட்டே உள்ள எட்டிப் பாத்தாக. செருப்பைக் கழட்டி ஓரமா வச்சாக. பெறகு வலது காலை எடுத்து வச்சு உள்ள வந்தாக, புதுப் பொண்ணு வர்ற மாதிரி.

ரெண்டு பேருக்கு அளவு தெரியல தாயி. அந்தக் கை கொறைச்சு அள்ள மாட்டேங்குது. முதல் நாள் வச்ச சாம்பாரைப் பாதித் தெருவுக்கு ஊத்துனேன். நான் ஒரு கரண்டி வாயில வச்சேன். நாப்பத்திநாலு வருசமா அவுக சொன்ன அரைக் கல்லு உப்பு என்னன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இப்படி ஒரு கையை வச்சுக்கிட்டு என் சாம்பாரை எப்படித்தான் இத்தனை வருசம் முழுங்குனாகளோ. கேக்கணும்னு வந்துச்சு. கேக்கல. கேட்டா உண்மையைச் சொல்லிருவாகளோன்னு இருந்துச்சு.

சாயங்காலம் தெருப் பொம்பளைக கிண்ணத்தைத் திருப்பிக் குடுக்க வந்தாளுக. சரசும் வந்தா. யக்கா, இன்னைக்கு ஒன் சாம்பாரு என்ன இப்படி மணக்குதுன்னு கேட்டா. எனக்கு என்ன வந்துச்சோ, மல்லியை நானே வறுத்து இடிச்சேன்னு சொல்லிட்டேன். அது பொய்யின்னு இல்ல. அவுக மானத்தைக் காப்பாத்தணும்ல? பீரங்கிக்காரரு கரண்டி பிடிக்கிறாருன்னு தெருவுக்குத் தெரிஞ்சா அவுக நெலைமை என்னாகும்?

அன்னையில இருந்து அவுகதான் சமையல். கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, உள்ள வெக்கையில ஆளு வேத்து ஒழுகும். நான் முக்காலி போட்டு உக்காந்து பூண்டு உரிப்பேன். போன ஆடியில அம்மன் கோயில் கஞ்சியும் கொழம்பும் குருவம்மா கையாலதான் ஆகணும்னுட்டாக. எத்தனை படி, எத்தனை வீசைன்னு அவுக சீட்டுல எழுதிக் குடுத்தாக, நான் நின்னு வேலையாளுகளை வெரட்டுனேன். கமிட்டியில எனக்குப் பொன்னாடை போத்துனாக. நான் வாங்கிக்கிட்டேன். வேண்டாம்னா சந்தேகப்படுவாகல்ல?

உள்ள உக்காந்திருக்கையில அவுக பேசுவாக. பீரங்கிக் கதை இல்ல. புயல்ல அண்டாவைக் கம்பி போட்டுக் கட்டுனது, பருப்பு பறந்து மேல் தகரத்துல ஒட்டுனது, அதைச் சொரண்டிப் போட்டதைக் கேப்டன் ரெண்டாந்தரம் வாங்கித் தின்னது. ஒரு நாள் வேற ஒண்ணு சொன்னாக. சண்டை சமயத்துல, சுடச்சுடச் சோத்தை வாங்கிக்கிட்டு மேல போன பய ஒருத்தன் தட்டைத் திருப்பிக் குடுக்க வரலையாம். சண்டை முடிஞ்ச பெறகு ஸ்டோர்காரன் ஒரு தட்டு கொறையுதுன்னு சொல்லி, எங்க போச்சுன்னு இவுககிட்ட எழுதி வாங்கிட்டானாம். என்ன எழுதுனீகன்னு கேட்டேன். "கடல்ல விழுந்துருச்சுன்னு எழுதுனேன். தட்டைத்தான் எழுத எடம் இருந்துச்சு"ன்னாக. இதையெல்லாம் ஏன் எங்கிட்டச் சொன்னதே இல்லன்னு கேட்டேன். பீரங்கிக்காரன் தட்டைப் பத்தி எப்படிச் சொல்ல முடியும்னு கேட்டாக. நான் பூண்டை உரிச்சேன்.

அது கெடக்கட்டும். போன மாசம் மதுரைக்குக் கொழம்பு வச்சு எடுத்துக்கிட்டுப் போனோம். மக வீட்டுல சம்மந்தியம்மா ஒருத்தி இருக்கா. என் கையால ஒரு காப்பி குடிச்சாக்கூட மூஞ்சியைச் சுளிக்கிறவ. அவ சோத்தைப் பெசஞ்சு ஒரு வாய் வச்சா, ரெண்டு வாய் வச்சா. தட்டை வழிச்சா. "இத்தனை வருசமா இந்தப் பக்குவத்தை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"ன்னு எங்கிட்டக் கேட்டா. மகளும், மருமகனும், எல்லாரும் என்னையே பாக்குறாக. நான் வாயைத் தெறந்தேன், வார்த்தை வரல. எனக்குத்தான் பொய் வராதே.

இவுக மோரை ஊத்திக்கிட்டு இருந்தாக. தலையக்கூட நிமித்தல.

"குருவுக்கு மொதல்ல இருந்தே கைப்பக்குவம் உண்டு. நாந்தான் உப்புக் கூட, உப்புக் கொறைவுன்னு சொல்லிச் சொல்லி அவளைத் தலையெடுக்க விடல."

ஒரு நொடி யோசிக்கல தாயி. கண்ணு சிமிட்டல, கை நடுங்கல. மகளே எந்திரிச்சு வந்து, பாவம்மா நீன்னு என் தோளைத் தடவிக் குடுத்துட்டுப் போறா. இப்படி வாய் கூசாமப் பொய் சொல்ற மனுசனோட நான் நாப்பத்திநாலு வருசம் எப்படித்தான் குடும்பம் நடத்துனேன், நீயே சொல்லு.